விடி100 டெர்மினலைத் தூசு தட்டி எடுத்தவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்) என்ற கம்ப்யூட்டர் நிறுவனம் 1978-இல் கொண்டுவந்த விடி100 மாதிரி ஒரு பழைய டெர்மினல் கைக்கு வந்தால், திரையும் கீபோர்டும் இருப்பதைப் பார்த்து அதைப் பழைய கம்ப்யூட்டர் என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். அப்புறம் வரும் குழப்பங்களில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. உள்ளே இன்டெல் 8080 ப்ராசஸர் இருப்பது உண்மைதான், ஆனால் உங்கள் ப்ரோகிராமை ஓட்டுவது அதன் வேலை இல்லை. தட்டிய எழுத்தைக் கம்பி வழியே வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும், கம்பியில் வருகிற எழுத்தைத் திரையில் உரிய இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கம்பியில் படம் வருவதும் இல்லை. ஆங்கில 'ஏ' என்றால் 65 என்ற எண் மட்டும் வரும். டெர்மினல் அதைத் தன் மெமரியில் வைத்துக்கொண்டு, எழுத்து வடிவங்கள் பதிந்திருக்கும் ரோம் சிப்பிலிருந்து புள்ளிகளை எடுத்து, ஒரு வரிக்கு 10 கோடுகள் வீதம் 24 வரிகளுக்கு 240 கோடுகளை, நொடிக்கு 50 அல்லது 60 தடவை தானே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கும். இது மனதில் இருந்தால் பழுதை எங்கே தேடுவது என்று தெரியும்: படம் ஆடினாலோ சுருங்கினாலோ கேபிளை மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள், கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது. எழுத்து தெளிவாகத் தெரிந்து, ஆனால் தப்புத் தப்பாக வந்தால் பிக்சர் ட்யூபைத் தொடவே வேண்டாம், முதலில் பாட் ரேட்டையும் (கம்பியில் தகவல் போகும் வேகம்) பாரிட்டியையும் (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) பாருங்கள். டெர்மினலில் 9600 என்றால் கம்ப்யூட்டரிலும் 9600-தான் இருக்க வேண்டும்.

அடிக்கடி பார்க்கிற இன்னொன்று, தட்டினால் திரையில் எதுவும் வரவில்லை என்று கீபோர்டைக் கழற்றிவிடுவது. அவசரப்படாதீர்கள். லைனில், அதாவது கம்ப்யூட்டரோடு பேசும் நிலையில், இருக்கும்போது விடி100 நீங்கள் தட்டியதைத் தானாகக் காட்டாது. எழுத்து கம்ப்யூட்டருக்குப் போய், அது திருப்பி அனுப்பினால்தான் திரைக்கு வரும். செட்-அப் கீயை அழுத்தி, 4-ஐத் தட்டி லோக்கலுக்கு (கம்ப்யூட்டர் இல்லாமல் தனியே இயங்கும் நிலைக்கு) மாற்றி, மறுபடி செட்-அப் அழுத்தி வெளியே வந்து தட்டிப் பாருங்கள். எழுத்து வந்தால் கீபோர்டு நன்றாக இருக்கிறது. பிறகு லைனுக்குத் திரும்பி, பின்னாலிருக்கும் 25 பின் கனெக்டரில் 2-ஆம் பின்னையும் 3-ஆம் பின்னையும் ஒரு சின்னக் கம்பியால் இணையுங்கள். இப்போதும் எழுத்து வந்தால் சீரியல் சர்க்யூட்டும் சரி, தேட வேண்டியது கேபிளிலும் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரிலும்தான். பெரும்பாலும், அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் குறுக்காக மாற்றி இணைக்கும் நல் மோடம் கேபிளுக்குப் பதில் நேர் கேபிளைப் போட்டிருப்பார்கள்.

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டின் பின்களில் டெர்மினலின் கம்பியை நேராகச் செருகிவிடாதீர்கள், தயவுசெய்து. அந்தப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, டெர்மினல் பயன்படுத்தும் ஆர்எஸ்-232 என்ற சீரியல் முறையில் கம்பியில் மைனஸ் வோல்டேஜும் வரும், போர்டு போய்விடும். நடுவில் வோல்டேஜை மாற்றிக் கொடுக்கும் மேக்ஸ்3232 சிப் வையுங்கள், அல்லது ஆர்எஸ்-232 என்றே குறிப்பிட்டு விற்கிற யூஎஸ்பி கேபிளை வாங்குங்கள். கடையில் அதே தோற்றத்தில், குறைந்த வோல்டேஜுக்கான டிடிஎல் கேபிளும் இருக்கும், பார்த்து வாங்க வேண்டும்.

திரை ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் ட்யூப் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்களே, அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். அநேகமாக ட்யூபுக்கும் முன்னாலுள்ள பாதுகாப்புக் கண்ணாடிக்கும் நடுவிலிருக்கும் பசை கெட்டுப்போயிருக்கும், அதை அகற்றிச் சரிசெய்ய முடியும். ஆனால் அது பழகிய கைகள் செய்கிற வேலை. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம், ட்யூப் உடைந்தால் கண்ணாடி சிதறும். ப்ளக்கைச் செருகும் முன் பின்னாலுள்ள 115/230 சுவிட்ச் எதில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள், அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 115-இல்தான் இருக்கும்.

சரி, எல்லாம் ஓடுகிறது. செட்டிங்கை மாற்றிய பிறகு செட்-அப்பில் இருக்கும்போதே ஷிஃப்ட்டுடன் எஸ் தட்டிச் சேமிக்க மறந்தால், மின்சாரத்தை நிறுத்தியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். 'கொஞ்சம் நிறுத்து', 'இனி அனுப்பு' என்று டெர்மினல் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃபை அணைத்து வைக்காதீர்கள், மெதுவாக உருளும் ஸ்மூத் ஸ்க்ரோலில் டெர்மினல் பின்தங்கி எழுத்துகளைத் தவறவிடும். லினக்ஸ் பக்கத்தில், எந்த வகை டெர்மினல் என்று ப்ரோகிராம்களுக்குச் சொல்லும் டெர்ம் (TERM) மாறிக்கு விடி100 (vt100) என்று கொடுங்கள், எக்ஸ்டெர்ம் (xterm) என்று விட்டால் அதற்குப் புரியாத கட்டளைகள் வந்து திரை அலங்கோலமாகும். தமிழ்க் கோப்பு எதையும் திறக்காதீர்கள், இன்றைய எழுத்துக் குறியீட்டு முறையான யுடிஎஃப்-8-இல் 'அ' என்ற ஒரே எழுத்து 3 பைட்டாகப் போகும், அதை ஒரே எழுத்தாகச் சேர்க்க விடி100-க்குத் தெரியாது.