எட்டு கோரும் வேலை செய்கிறதா, காத்து நிற்கிறதா? இணை நிரலை அளந்து பார்க்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். அதன் மேலே ட்ரோன் எடுத்த 480 படங்களில் மரங்களை எண்ணுவதற்கு ஒரு நிரல் எழுதினேன். சி++, லூப் வேலையைப் பல த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓப்பன்எம்பி, எட்டு கோர் கொண்ட பழைய மேசைக் கணினி. த்ரெட் என்பது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை, கோருக்கு ஒன்று. ஒரே த்ரெட்டில் ஓடினால் 400 விநாடி. எட்டு த்ரெட்டில் 50 விநாடிக்குப் பக்கத்தில் வரும் என்று நினைத்தேன். 80 விநாடி ஆனது. மீதி 30 விநாடி எங்கே போனது என்று மூன்று இரவு உட்கார்ந்து தேடினேன். நீங்களும் இதே இடத்தில் நின்றால், அந்த மூன்று இரவை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கடிகாரத்தைச் சரியாகப் பிடியுங்கள். சி மொழியின் கிளாக் ஃபங்க்‌ஷனை வைத்து இணை நிரலை அளக்காதீர்கள். லினக்ஸில் அது எல்லா த்ரெட்களும் செலவழித்த சிபியு நேரத்தைக் கூட்டித் தரும். எட்டு த்ரெட் போட்டாலும் நேரம் குறையவே இல்லை என்று தோன்றும். நமக்கு வேண்டியது சுவர்க்கடிகார நேரம். ஓப்பன்எம்பியில் அதற்கு 'ஓஎம்பி கெட் டபிள்யூடைம்' இருக்கிறது, பல கணினிகளில் சேர்ந்து ஓடும் நிரலுக்கான எம்பிஐயில் 'எம்பிஐ டபிள்யூடைம்' இருக்கிறது. நிரல் முழுவதையும் வெளியிலிருந்து அளக்க ஹைப்பர்ஃபைன் என்ற சின்னக் கருவி போதும். கணக்கில் சேராத வார்ம்அப் ஓட்டம் ஒன்று கேட்டு வாங்குங்கள். முதல் ஓட்டத்தில் படங்கள் டிஸ்க்கிலிருந்து வரும், அடுத்ததில் நினைவகத்திலிருந்தே வரும். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. குறைந்தது ஐந்து முறை ஓட்டி நடு மதிப்பை எடுங்கள்.

அப்புறம் வெயில். எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. பகல் 2 மணிக்கு ஓட்டினால் 88 விநாடி, விடியற்காலை 5 மணிக்கு 80. சிபியு சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. இன்றைக்குப் பகலில் அளந்ததை நேற்று இரவு அளந்ததோடு ஒப்பிட்டு, "என் திருத்தம் கெடுத்துவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். ஒப்பிட வேண்டிய இரண்டையும் ஒரே நேரத்தில், மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

இனி அட்டவணை. 'ஓஎம்பி நம் த்ரெட்ஸ்' என்ற சூழல் மாறியை 1, 2, 4, 8 என்று மாற்றி ஓட்டினேன். 400, 208, 116, 80 விநாடி வந்தது. பலர் இதை வைத்து ஒரு வரைபடம் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி போங்கள். ஆலன் கார்ப், ஹோரஸ் ஃபிளாட் இருவரும் 1990இல் வெளியிட்ட ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு காகிதமும் பேனாவும் போதும். ஒரு த்ரெட் நேரத்தைப் பல த்ரெட் நேரத்தால் வகுத்தால் வேகமடங்கு. எனக்கு எட்டு த்ரெட்டில் 400 ÷ 80 = 5. ஒன்றை வேகமடங்கால் வகுங்கள்: 0.2. ஒன்றைத் த்ரெட் எண்ணிக்கையால் வகுங்கள்: 0.125. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 0.075. அதை 1 − 0.125, அதாவது 0.875 ஆல் வகுத்தால் 0.086. மொத்த வேலையில் இணையாக ஓடாத பங்கு எவ்வளவு என்று காட்டும் எண் இது.

இதே கணக்கை 2 த்ரெட்டுக்குப் போட்டால் 0.04, 4 த்ரெட்டுக்கு 0.053. ஆக 0.04, 0.053, 0.086 என்று ஏறுகிறது. இந்த ஏற்றம்தான் முக்கியம். நிரலில் இணையாக்க முடியாத பகுதி மட்டும்தான் தடை என்றால் இந்த எண் மாறாமல் நிற்கும். ஜீன் அம்டால் 1967இல் சொன்ன வரம்பு அது. எண் ஏறிக்கொண்டே போனால் த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்கின்றன, அல்லது முட்டிக்கொள்கின்றன என்று பொருள். எந்தக் கருவியையும் திறக்காமலே, எதைத் தேட வேண்டும் என்பது கையில் கிடைத்துவிடும். எனக்குத் தெரிந்து இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு சொல்லும் அளவை வேறு இல்லை.

சரி, இப்போது கருவி. நிரல் எங்கே நேரத்தைச் செலவழிக்கிறது என்று காட்ட, லினக்ஸ் கெர்னலோடு 2009 முதல் வரும் பெர்ஃப்தான் என் முதல் தேர்வு. நிரலை ஓ2 மேம்படுத்தலோடும், டீபக் தகவலுக்கான ஜி தெரிவோடும் கம்பைல் செய்யுங்கள். மேம்படுத்தல் இல்லாத நிரலை அளப்பது வீண் வேலை. உபுண்டுவில் பெர்ஃப் அனுமதி மறுத்தால் 'பெர்ஃப் ஈவென்ட் பாரனாய்ட்' என்ற கெர்னல் அமைப்பை 1 ஆகக் குறையுங்கள்.

முதலில் 'பெர்ஃப் ஸ்டேட்' ஓட்டினேன். எத்தனை சிபியு பயன்பட்டது என்ற வரியில் 7.7 காட்டியது. ஒவ்வொரு கோரின் உழைப்பையும் ஒரு கோடாகக் காட்டும் எச்டாப்பிலும் எட்டுக் கோடும் நிரம்பி நின்றது. எல்லாம் மும்முரமாக உழைக்கிறது என்று நம்பிவிட்டேன். ஒரு முழு இரவு அதில் போனது. காரணம், வேகம் கூடும் என்று எங்கோ படித்துவிட்டு 'ஓஎம்பி வெயிட் பாலிசி'யை ஆக்டிவ் என்று வைத்திருந்தேன். அப்படி வைத்தால் வேலை முடிந்த த்ரெட் தூங்காது. "முடிந்ததா, முடிந்ததா" என்று பேரியரில், அதாவது எல்லா த்ரெட்டும் வந்து சேரும் வரை காத்திருக்கும் இடத்தில், சுற்றிக்கொண்டே நிற்கும். சிபியுவுக்கு அதுவும் வேலைதான். அதை பாஸிவ் என்று மாற்றினேன். மொத்த நேரம் அதே 80 விநாடி, ஆனால் பயன்பட்ட சிபியு 5.1 என்று இறங்கியது. எட்டுப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் சும்மா நின்றிருக்கிறார்கள். திரும்ப ஆக்டிவுக்கு மாற்றி 'பெர்ஃப் ரெக்கார்ட்' எடுத்து, 'பெர்ஃப் ரிப்போர்ட்'டில் பார்த்தால் என் ஃபங்க்‌ஷனுக்கு அடுத்த இடத்தில் ஜிசிசி கம்பைலரின் ஓப்பன்எம்பி நூலகத்துக்குள் இருக்கும் பேரியர் காத்திருப்பு நிற்கிறது.

ஏன் காத்திருக்கின்றன என்பதை எனக்குச் சொன்னது அப்பா. தோட்டத்தில் முப்பது வருஷம் தண்டலாக இருந்தவர். திரையைப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா பிரிச்சுக் கொடுத்த?" என்றார்.

"480 படம்ப்பா. ஆளுக்கு 60. முதல் 60 முதல் ஆளுக்கு, அடுத்த 60 அடுத்த ஆளுக்கு."

"எண்ணிக்கை சமம், வேலை சமமா? மேட்டு நிரை கிடைச்சவன் உச்சி வெயில்லயும் இறங்க மாட்டான். பள்ளத்துல வெட்டுனவன் லாரி பக்கம் உட்கார்ந்திருப்பான்."

அதேதான். ட்ரோன் பறந்த வரிசையில் படங்கள் இருந்தன. முதல் படங்களில் பாதி ஆறும் சாலையும், கடைசிப் படங்களில் நெருக்கமான மரங்கள். கடைசி த்ரெட்டுக்கு மட்டும் மேட்டு நிரை. ஓப்பன்எம்பி லூப்பில் ஸ்கெட்யூல் டைனமிக் என்று சேர்த்தேன், துண்டின் அளவு 1. ஒரு படம் முடிந்த த்ரெட் அடுத்த படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். 80 விநாடி 62 ஆனது. ஒவ்வொரு சுற்றும் மைக்ரோ விநாடியில் முடிகிற லூப் என்றால் துண்டைப் பெரிதாக வையுங்கள், இல்லாவிட்டால் எடுத்துக் கொடுப்பதிலேயே நேரம் போய்விடும்.

62இல் இன்னொரு பூச்சி இருந்தது. எட்டு த்ரெட்டும் தங்கள் மர எண்ணிக்கையை எட்டு இடம் கொண்ட ஒரே அரேயில் எழுதிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி இடம்தான், ஆனால் நான்கு பைட் வீதம் மொத்தம் 32 பைட். ஒவ்வொரு கோரும் நினைவகத்தைத் தன் பக்கத்தில் நகலெடுத்து வைக்கும் துண்டான கேஷ் வரியோ 64 பைட். ஒருவர் எழுதும்போதெல்லாம் மற்ற ஏழு பேர் கையிலிருக்கும் நகல் செல்லாததாகிவிடும். இதை ஃபால்ஸ் ஷேரிங் என்பார்கள். கோடில் கண்ணுக்குத் தெரியாது. 'பெர்ஃப் சி2சி' என்ற துணைக் கட்டளை அந்த ஒரே வரியை மேலே கொண்டுவந்து காட்டியது. அரேயைத் தூக்கிவிட்டு ரிடக்‌ஷன் போட்டேன். ஒவ்வொரு த்ரெட்டும் தனியாக எண்ணி, கடைசியில் ஒன்றாகக் கூட்டும். 57 விநாடி.

மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஜிப்ரோஃப் 1982இன் கருவி, த்ரெட் நிரல்களுக்கு அதை நம்பாதீர்கள். இன்டெல் சிபியு என்றால் விடியூன் பேரியர் காத்திருப்பைப் படமாகவே காட்டும். பல கணினிகளில் எம்பிஐ வைத்து ஓடும் நிரலுக்குப் பெர்ஃப் போதாது. அங்கே ஸ்கோர்-பி கொண்டு கம்பைல் செய்து பதிவு எடுங்கள். அந்தப் பதிவை ஸ்கலாஸ்கா படித்து, எந்தச் செய்தி தாமதமாக அனுப்பப்பட்டது, பெறுபவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று கணக்குச் சொல்லும். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வாம்பிர். ஒன்று மட்டும் கவனம்: சின்னச் சின்ன ஃபங்க்‌ஷன் எல்லாவற்றையும் ஸ்கோர்-பி பதிவு செய்தால் நிரலே இழுத்துப் போகும், அளவும் பொய்யாகும். அவற்றை ஃபில்டரில் தள்ளிவிடுங்கள். மாதிரி எடுத்து அளக்கும் ரைஸ் பல்கலைக்கழகத்தின் எச்பிசி டூல்கிட்டில் இந்தத் தொல்லை குறைவு.

திரும்ப என் 57க்கு வருகிறேன். கார்ப், ஃபிளாட் கணக்கில் இப்போது 0.02. 400இல் 2 விழுக்காடு என்றால் 8 விநாடி. நிரலின் தொடக்கத்திலும் முடிவிலும் டைமர் வைத்துப் பார்த்தேன். நில வரைபடத்தை உரைக் கோப்பிலிருந்து படிக்கவும், முடிவை எழுதவும் ஒரே த்ரெட் எடுத்துக்கொண்ட நேரம் அதே 8 விநாடி. மீதி 392 விநாடி வேலை எட்டாகப் பிரிந்து 49. இரண்டும் சேர்த்தால் 57, கணக்கு நேராகிவிட்டது. தம்பி பதினாறு கோர் கணினி வாங்கலாமா என்று கேட்டான். 8ஐயும், 392ஐப் பதினாறாகப் பிரித்த 24.5ஐயும் கூட்டி 32.5 என்று எழுதிக் காட்டினேன். அதற்கு அவ்வளவு வெள்ளி செலவழிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். இந்த வாரம் அந்த வரைபடத்தை பைனரி கோப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.