சென்னை ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) ஸ்விம்மிங் பூலோட வாடகை வீடு, பட்ஜெட்டுக்குள்ள தேடறது எப்படி?

மூணு மாசம் சனி ஞாயிறு பூரா அலைஞ்சு ஒரு வழியா படூர் பக்கம் ரெண்டு பெட்ரூம் வீடு கிடைச்சிடுச்சு, பூலோட. பொண்ணுக்கு ஏழு வயசு, தண்ணின்னா உயிர், அவளுக்காகத்தான் இவ்வளவும்.

முதல்ல ஏரியா. சோழிங்கநல்லூர் தாண்டி தெற்கே போகப் போக வாடகை இறங்கும், அதனால நாவலூர், தாழம்பூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம்னு தேடுங்க.

அடுத்து, 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் மாதிரி வீடு தேடற சைட்ல, பூல் இருக்கற வீடு மட்டும்னு ஃபில்டர் போட்டுத் தேடறத நான் விட்டுட்டேன், ஓனருங்க பாதிப் பேரு அத டிக் பண்றதே இல்ல. கூகுள் மேப்ஸ்ல சாட்டிலைட் வியூ போட்டு ரோட்டோரமா நகர்த்திட்டே போங்க, பூல் இருந்தா நீலக் கட்டமா பளிச்சுன்னு தெரியும். பேரைக் குறிச்சுக்கிட்டு நேரா கேட்டுக்குப் போய் செக்யூரிட்டி அண்ணன்கிட்ட எந்த வீடு காலின்னு கேளுங்க. எங்க வீடு அப்படித்தான் கிடைச்சுது, புரோக்கர் கமிஷனும் மிச்சம்.

வாடகைய மட்டும் பார்த்து சரின்னு சொல்லிடாதீங்க. மெயின்டனன்ஸ சதுர அடிக்கு இவ்வளவுன்னு போடுவாங்க, அதுவும் பெரும்பாலும் சூப்பர் பில்ட்டப் ஏரியாவுக்கு, அதாவது படிக்கட்டு, லாபி மாதிரி பொது இடத்துல நம்ம பங்கையும் சேர்த்த அளவுக்கு. 1,100 சதுர அடி, அடிக்கு 4 ரூபான்னா மாசம் 4,400. இது வாடகையில அடக்கமா, தனியான்னு கேளுங்க.

இப்போ, இந்த வீடு கிடைக்கறதுக்கு முன்னாடி வேற ஒரு அபார்ட்மென்ட்ல நான் மாட்டிக்கிட்ட கதை. போட்டோவுல பூல் அவ்வளவு அழகா இருந்துச்சு, நாங்க போனது ராத்திரி எட்டு மணிக்கு, பூல் மூடியாச்சுன்னாங்க, நம்பி, வீட்டைப் பிடிச்சு வைக்க 10,000 டோக்கன் குடுத்துட்டு வந்துட்டோம். மறுவாரம் பகல்ல போனா கேட்டுல பூட்டு, உள்ள முழங்கால் அளவு பச்சைத் தண்ணி, அதுல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கவுந்து கிடக்குது. பில்டருக்கும் குடியிருக்கறவங்க அசோசியேஷனுக்கும் தகராறாம், பூலை இன்னும் ஒப்படைக்கலையாம். பொண்ணு கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னது இன்னும் கண்ணுலயே இருக்கு. டோக்கன் திரும்பி வரல.

அதனால சாயங்காலம் அஞ்சரை, ஆறு மணிக்குப் போங்க, பசங்க குளிக்கற நேரம். ஆழமான பக்கம் நின்னு பாருங்க, அடியில இருக்கற டிரெயின் மூடி தெளிவாத் தெரியணும், தெரியலன்னா அந்தத் தண்ணியில பிள்ளையை இறக்காதீங்க. குளோரின் வாடை குப்புன்னு அடிச்சா சுத்தமா இருக்குன்னு நினைச்சுக்காதீங்க, வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேர்ந்தாத்தான் அந்த வாடை வரும். கோடையில லாரித் தண்ணி வாங்கறாங்களா, அப்போ பூலை மூடிடுவாங்களான்னும் கேளுங்க. இதெல்லாம் அங்க உட்கார்ந்திருக்கற அம்மாக்கள்கிட்ட கேட்டீங்கன்னா அஞ்சே நிமிஷத்துல மொத்த வரலாறும் வந்துடும், அசோசியேஷன் ஆபீஸ்ல கேக்கறதவிட இதுதான் நம்பகம்.

அட்வான்ஸ் விஷயம். பத்து மாசம் கேட்டா உடனே தலையாட்டாதீங்க. 2019ல அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டாலொழிய மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது. நான் இதைச் சொல்லிப் பேசித்தான் நாலு மாசத்துக்குக் கொண்டுவந்தேன். அக்ரிமென்ட்ல பூல், ஜிம் ரெண்டையும் வாடகைதாரர் பயன்படுத்தலாம்னு ஒரு வரி கட்டாயம் எழுதிக்குங்க.

பின்சேர்க்கை: இதைப் படிச்சிட்டு ஒரு அக்கா சொன்னாங்க, அவங்க அபார்ட்மென்ட்ல வாடகைக்கு இருக்கறவங்களுக்குப் பூலுக்குத் தனிக் கட்டணமாம், விருந்தாளிக்கு ஒரு தடவைக்கு இவ்வளவுன்னு வேற. அசோசியேஷன் விதிமுறைய வாட்ஸப்ல அனுப்பச் சொல்லி டோக்கனுக்கு முன்னாடியே படிச்சிடுங்க. லேடீஸ் டைமிங் தனியா இருக்கான்னும் பாருங்க. அப்புறம் காட்டன் டிரெஸ்ஸோட நிறைய இடத்துல இறங்க விடமாட்டாங்க, நைலான் காஸ்ட்யூமும் தொப்பியும் முன்னாடியே வாங்கி வச்சுக்குங்க.