போகியன்று மட்டும் காற்றை அளக்காதீர்கள்

காற்று மாசு மூளையை என்ன செய்கிறது என்று பள்ளிகளிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் எடுத்துச் சொல்ல இளைஞர்கள் பலர் முன்வருகிறார்கள். கையடக்க சென்சாரோடு வடசென்னைத் தெருக்களில் நின்று அளக்கவும் செய்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. தொடக்கக் காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளை ஒவ்வொரு புதிய அணியும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சார்ஜ் தீர்ந்துபோனது, தேதி குறிக்க மறந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தாமாகத் திருந்தும்.

நுரையீரலோடு பேச்சை நிறுத்துவது

பி.எம். 2.5 என்னும் நுண்துகள் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். அது நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்குகிறது. அங்கே எழும் அழற்சி இரத்தத்தின் வழியே பரவி மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. அதனினும் சிறிய துகள்கள் இரத்தத்திலேயே கலந்துவிடுகின்றன. மூக்கின் முகர்வு நரம்பைப் பிடித்துக்கொண்டு நேராக மூளைக்குள் நுழையும் பாதையும் விலங்கு ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. இதையெல்லாம் சொல்லாவிட்டால், "எனக்குத்தான் ஆஸ்துமா இல்லையே" என்று கேட்பவர் எழுந்து போய்விடுவார். பக்கவாதமும் டிமென்ஷியா என்னும் மறதி நோயும் இந்தப் பேச்சில் முதலிலேயே வர வேண்டும். டிமென்ஷியாவுக்கான தவிர்க்கக்கூடிய காரணங்களின் பட்டியலில் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் காற்று மாசை 2020-லேயே சேர்த்துவிட்டது.

உச்ச நாளைப் பிடித்துக்கொண்டு ஆண்டை விட்டுவிடுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஆண்டு முழுவதும் பெட்டிக்குள் கிடக்கும் சென்சார் போகிக்கும் தீபாவளிக்கும் மட்டும் வெளியே வருகிறது. போகிப் புகை சாதாரணமானது என்று நான் சொல்லவில்லை. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாகும் அளவுக்கு, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்படும் அளவுக்குப் புகை மூடியது. புகை ஏறிய நாள்களிலும் அடுத்தடுத்த நாள்களிலும் பக்கவாதம் கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் டிமென்ஷியாவும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியும் வேறு வகை. அங்கே கணக்கில் வருவது பல ஆண்டுகளாக மூச்சில் போன சராசரி அளவு.

ஓர் ஊரின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகி நாளில் அது 300-க்கு ஏறினாலும் 365 நாளுக்குப் பங்கிட்டால் சராசரி முழுதாக 1 கூட ஏறாது. தெருமுனையில் தினமும் எரியும் குப்பையோ, விடியும்வரை ஓடும் கண்டெய்னர் லாரிகளோ நாள்தோறும் 5 மைக்ரோகிராம் கூட்டினால் சராசரி அப்படியே 5 ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டு வரம்பே மொத்தம் 5-தான். யாரும் படம் எடுக்காத அந்தச் சாதாரணச் செவ்வாய்க்கிழமைதான் மூளைக்கு ஆபத்து.

மணலிப் பக்கம் ஒரு குடியிருப்பில் குப்பை எரிப்பை நிறுத்தக் கோரி எங்கள் இளைஞர்கள் ஒரு மனு தயாரித்தார்கள். மனுவோடு இணைத்தது போகி விடியற்காலையின் அளவு மட்டும். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்: மற்ற நாள்களின் அளவு எங்கே? இல்லை. அன்று காற்றின் ஈரப்பதம் எவ்வளவு? குறிக்கவில்லை. மலிவு விலை சென்சார்கள் துகள்மேல் பட்டுச் சிதறும் ஒளியை வைத்தே அளப்பவை. மார்கழிப் பனியில் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகும். கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அவருக்கு அது தெரிந்திருந்தது. மனு அத்தோடு முடிந்தது. குப்பை தொடர்ந்து எரிந்தது. அதைவிடப் பெரிய இழப்பு, அந்தத் தெருக்காரர்களுக்கு எங்கள்மேல் இருந்த நம்பிக்கை போனது. மொட்டை மாடியில் கருவி வைக்க அடுத்த முறை யாரும் இடம் தரவில்லை. நியாயமான கோரிக்கை ஒன்று அவசரத்தால் பாழானது.

ஆகவே முதலில் கருவியை மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற இடங்களிலுள்ள அரசு கண்காணிப்பு நிலையம் ஒன்றின் அருகே சில வாரம் வைத்து ஒப்பிடுங்கள். பிறகு ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், எல்லாப் பருவத்திலும் ஓடவிடுங்கள். பிற்பகலில் கடற்காற்று வந்து புகையைக் கலைக்கும். அந்த நேரத்தில் மட்டும் அளந்தால் எல்லாம் நலம் என்று தோன்றும், ஆகவே இரவையும் விடாதீர்கள். ஈரப்பதத்தைத் தனி நெடுவரிசையில் குறியுங்கள். சலிப்பான வேலைதான். பார்சிலோனாவில் 39 பள்ளிகளில் ஆய்வு செய்தவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் வெயில் காலத்தில் ஒரு வாரம், குளிர் காலத்தில் ஒரு வாரம் என அளந்தார்கள். போக்குவரத்து மாசு மிகுந்த பள்ளிகளின் குழந்தைகளிடம் செயல்நினைவு (ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொண்டே அதைக் கையாளும் திறன்) ஓராண்டில் வளர்ந்தது 7.4 விழுக்காடு, குறைந்த பள்ளிகளில் 11.5 விழுக்காடு என்று 2015-இல் அவர்களால் சொல்ல முடிந்தது. ஒரு நாள் அளவை வைத்து இப்படி எதையும் சொல்ல முடியாது.

பச்சை நிறத்தை நம்புவது

இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் பி.எம். 2.5 அளவு 30 மைக்ரோகிராம் வரை 'நன்று', 60 வரை 'திருப்தி'. உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர வரம்பு 15. செயலியில் பச்சையைப் பார்த்ததும் மூளைக்கும் பாதுகாப்பு என்று மேடையில் சொல்லாதீர்கள்.

ஒருவரின் நோய்க்குத் தீர்ப்புச் சொல்வது

ஒரு கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, தன் தாயாரின் மறதி நோய்க்கு நெடுஞ்சாலையோர வீடுதான் காரணமா என்று கேட்டார். பேசிக்கொண்டிருந்த இளைஞர் தயங்காமல் "ஆமாம்" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டை வாங்கியது அந்தப் பெண்ணின் தந்தை. அவரும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 2017-இல் வெளிவந்த பெரிய ஆய்வின்படி, பெருஞ்சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு 7 விழுக்காடு கூடுதல். லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது இது பெரிய சுமை. தனி ஒருவரிடம் காரணம் இதுதான் என்று சொல்ல இது போதாது. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, மரபு எல்லாம் சேர்ந்து வருவது அந்த நோய்.

துகள் கிடைத்ததையே நிரூபணமாக்குவது

2016-இல் மெக்சிகோ நகரத்தையும் மான்செஸ்டரையும் சேர்ந்தவர்களின் மூளைத் திசுவில் காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடுத் துகள்கள் கிடைத்தன. துகள் அங்கே இருந்தது என்பது வரை சொல்லுங்கள். நோயை உண்டாக்கியது அதுதான் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

துணி முகக்கவசம்

நுண்துகளைப் போதிய அளவு தடுக்காது.

வீட்டுக்குள் அளக்காதது

கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருளை ஏற்றுகிற வீடுகள் எத்தனை! ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டினால் போதும். விறகடுப்பு உள்ள வீட்டில் பெண்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் இடத்தில் கருவியை வையுங்கள், வாசலில் வேண்டாம்.

அச்சத்தை மட்டும் விட்டுவிட்டு வருவது

அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றின் தரம் கூடுதலாக மேம்பட்ட இடங்களில் இருந்தவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு குறைந்திருந்தது. கூட்டத்தில் இதையும் சொல்லுங்கள். பிறகு குறிப்பாகக் கேளுங்கள்: இந்தத் தெருவில் குப்பை எரிப்பு நிற்க வேண்டும், பள்ளி வாசலில் காத்திருக்கும் வண்டிகள் எஞ்சினை அணைக்க வேண்டும், லாரிகளுக்கு வேறு வழி வேண்டும். வந்திருக்கும் பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்க ஒரு செவிலியரையும் கூட அழைத்துப் போங்கள்.