மயக்க மருந்துக்கு முன் கழுத்தில் ஒரு பேனாக்கோடு: அல்ட்ராசவுண்டில் மூச்சுவழி பார்ப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் மாதிரி சுற்றிலும் செம்பனைத் தோட்டமாக இருக்கிற ஊரில் மயக்க மருந்துப் பிரிவுக்கு வந்திருக்கும் இளம் எம்.ஓ.க்களுக்காக (மருத்துவ அதிகாரிகளுக்காக) இதை எழுதுகிறேன். ஊசி போட ரத்தக்குழாய் தேடவும் நரம்பை மரத்துப்போக வைக்கவும் அந்த அல்ட்ராசவுண்ட் மெஷினை தினமும் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்குழலில் டியூப் போடுவது கஷ்டமாகுமா என்று முன்கூட்டி அறிய, அதையே ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஐந்து நிமிடம் நோயாளியின் கழுத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் புரோபை (தோலில் வைக்கும் கருவிமுனையை) எடுக்கும் முன் கண்ணும் கையும்தான். வாய் மூன்று விரல் அளவு திறக்கிறதா, கழுத்து பின்னால் சாய்கிறதா, பல் ஆடுகிறதா, தூங்கும்போது குறட்டை விட்டு மூச்சு நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நம் தோட்டத்துப் பாட்டிகளில் சிலர் இளவயதிலிருந்தே வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள், உள்கன்னம் வெளிறி இறுகிப்போய் வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காது. இதை அல்ட்ராசவுண்ட் உங்களுக்குச் சொல்லவே சொல்லாது. அப்புறம் இனிப்புநீர் (நீரிழிவு) பல வருடமாக இருக்கிறவரைக் கைகூப்பி வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். உள்ளங்கைகள் ஒட்டாமல் விரல்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் மூட்டுகள் விறைத்திருக்கின்றன, அதே விறைப்பு கழுத்து எலும்பிலும் இருக்கலாம். நம் ஆட்கள் அறைக்குள் வரும்போதே கும்பிட்டுக்கொண்டு வருவார்கள், அந்தக் கையைக் கவனித்தாலே போதும்.

சரி, இப்போது மெஷின். மேலோட்டமான பகுதிக்கு லீனியர் (நேர்முனை) புரோப், நாக்கையும் தாடைக்கு அடியையும் பார்க்க வளைந்த புரோப். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, "அம்மா, கழுத்தில் ஜெல் தடவுகிறேன், சில்லென்று இருக்கும், வலிக்காது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயத்தில் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பார்கள், படம் ஆடும். ஜெல்லை தாராளமாகப் போடுங்கள், புரோபை அழுத்தாதீர்கள். கொழுப்பு நிறைந்த கழுத்தை அழுத்தினால் அளவு சில மில்லிமீட்டர் குறைந்துவிடும், நீங்கள் தேடுவதே அந்த சில மில்லிமீட்டரைத்தான்.

முதலில் ஹையாய்டு எலும்பு, நாக்குக்கு அடியில் கழுத்தின் மேல்பக்கம் இருப்பது. புரோபைக் குறுக்காக வைத்துத் தாடையிலிருந்து கீழே இறக்கினால், கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வெள்ளை வளைவும் அதற்குப் பின்னால் கருநிழலும் தெரியும். அதைத் தாண்டி, ஹையாய்டுக்கும் தைராய்டு குருத்தெலும்புக்கும் (கழுத்தின் முன்னே துருத்தி நிற்பது) நடுவில் நிறுத்துங்கள். அங்கே கருமையாக ஒரு வளைந்த பட்டை வரும், அதன் முன்னால் கொஞ்சம் வெளுப்பான கொழுப்பு, பின்னால் காற்றைத் தொடும் பளிச்சென்ற வெள்ளைக் கோடு. அந்தக் கரும்பட்டைதான் குரல்வளை மூடி. சந்தேகமாக இருந்தால் நாக்கை நீட்டச் சொல்லுங்கள், அது அசையும். தோலிலிருந்து அதுவரை நடுக்கோட்டில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு அளவுதான் அதிகமாக ஆராயப்பட்டது. ஆய்வுகள் பெரும்பாலும் 2.0 முதல் 2.5 சென்டிமீட்டருக்குள் ஏதோ ஓர் இடத்தில் எல்லை வைக்கின்றன, அதற்கு மேல் போனால் லாரிங்கோஸ்கோப்பில் (டியூப் போடும்போது தொண்டைக்குள் பார்க்கும் கருவி) குரல்நாண் தெரிவது கஷ்டம் என்று எடுத்துக்கொள்ளலாம். எல்லை ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது, ஆகவே 2.3 வந்துவிட்டது என்று கலங்கவும் வேண்டாம், 1.8 என்று நிம்மதியாகத் தூங்கவும் வேண்டாம். டென்மார்க்கில் 188,064 பேரின் பதிவுகளை அலசி 2015-இல் வெளியிட்டார்கள்: டியூப் போடக் கஷ்டமாகிப்போனவர்களில் 93 சதவீதம் பேரை முன்கூட்டி யாரும் கணிக்கவில்லை. அது வழக்கமான பரிசோதனையின் நிலை. அல்ட்ராசவுண்ட் அதில் ஒரு துண்டு தகவலைக் கூட்டுகிறது, அவ்வளவே.

நாக்கின் தடிமனை வளைந்த புரோபில் அளக்கலாம். 6 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை. தாடை முனைக்கும் ஹையாய்டுக்கும் உள்ள தூரத்தைக் கழுத்து நேராக இருக்கும்போதும் முழுக்கச் சாய்த்தபோதும் அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.1-க்குக் கீழே வருகிறதென்றால் கழுத்து நன்றாகப் பின்னால் சாயவில்லை. நேரமில்லை என்றால் இவை இரண்டையும் விட்டுவிடுங்கள்.

விடக்கூடாதது கிரிக்கோதைராய்டு சவ்வு: தைராய்டு குருத்தெலும்புக்கும் அதற்குக் கீழே உள்ள கிரிக்காய்டு வளையத்துக்கும் நடுவே இருப்பது, டியூப் போகவே இல்லையென்றால் மூச்சுவழி திறக்க வெட்டும் இடம். சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில், சொத்தைப் பல்லின் சீழ் தாடைக்கடியில் இறங்கிக் கழுத்தெல்லாம் வீங்கிப்போன ஒருவருக்கு டியூப் இரண்டு தடவை போகவில்லை. ஆக்சிஜன் இறங்குகிறது, கழுத்தை வெட்ட வேண்டிவருமோ என்ற நேரத்தில் நாங்கள் மூன்று பேர் தடவிப் பார்த்து மூன்று வெவ்வேறு இடத்தைக் காட்டினோம். கடைசியில் மூத்த டாக்டர் பூஜியை (டியூபுக்கு வழிகாட்டும் வளையும் குச்சியை) நுழைத்து டியூபைப் போட்டுவிட்டார், ஆள் பிழைத்தார். அந்த ஒரு நிமிடத்தை நான் மறக்கவில்லை. பருத்த கழுத்தில், அதுவும் பெண்களுக்கு, விரலால் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது அடிக்கடி தவறுகிறது.

செய்முறை இதுதான். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெட்ட நேர்ந்தால் அந்த நிலையில்தான் வெட்டுவீர்கள், தலையை அசைத்தால் தோல் நகர்ந்து குறி இடம் மாறிவிடும். புரோபைக் குறுக்காக வைத்தால் முதலில் தைராய்டு குருத்தெலும்பு கூடாரம்போல முக்கோணமாகத் தெரியும். மெதுவாகக் கீழே வாருங்கள், முக்கோணம் மறைந்து ஒரு பளிச்சென்ற வெள்ளைக் கோடு வரும், அதுதான் சவ்வின் இடம். இன்னும் கீழே போனால் கிரிக்காய்டு, கருப்பாகக் குதிரைலாடம் மாதிரி. அதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு மறுபடி மேலேறி வெள்ளைக் கோட்டுக்கு வந்து நில்லுங்கள். கலர் டாப்ளரை (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வசதியை) தட்டி, அந்த இடத்தில் ரத்தக்குழாய் ஓடவில்லையா என்று பாருங்கள். அப்புறம் ஜெல்லைத் துடைத்துவிட்டு அழியாத பேனாவால் சவ்வின் இடத்தில் குறுக்காக ஒரு கோடு, நடுக்கோட்டில் நெடுக்காக ஒரு கோடு.

நெடுக்கு வாக்கில் புரோபை வைத்தும் பார்க்கலாம், மூச்சுக்குழல் வளையங்கள் முத்துமாலை மாதிரி வரிசையாக வரும், தலைப்பக்கம் உள்ள பெரிய முத்து கிரிக்காய்டு. கழுத்து குட்டையாக இருந்தால் புரோப் உட்கார இடம் கிடைக்காது, அதனால் நான் குறுக்கு முறையைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறேன்.

அளவும் கூடி, வாயும் திறக்காமல், கழுத்தும் விறைத்திருந்தால் மறைக்காமல் அன்றே ஸ்பெஷலிஸ்டிடம் சொல்லுங்கள். வீடியோ லாரிங்கோஸ்கோப்பா, விழித்திருக்கும்போதே டியூப் போடுவதா, முழு மயக்கம் இல்லாமல் முதுகில் ஊசியோடு முடித்துக்கொள்வதா, பகல் வெளிச்சத்திலேயே ஈப்போவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று யோசிக்க ஓர் இரவு கையில் இருக்கும். ஃபைலில் அளவை எழுதும்போது தலை எந்த நிலையில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். வார்டு சிஸ்டரிடம், காலையில் குளித்துவிட்டு வரும்போது கழுத்துக் கோட்டைத் தேய்த்துவிட வேண்டாமென்று நோயாளி அம்மாவிடமும் அவர் மகளிடமும் தமிழில் ஒருமுறை சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.