ஐபிவி6-ஐ நிறுத்தாமல் ஐபிவி4-க்கு முதலிடம் கொடுப்பது எப்படி?

கும்பகோணத்தில் உள்ள ஓர் அச்சகத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் ஓடும் கணினி, அன்றன்று முடிந்த வேலைகளை எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக வெளியூர்ச் சேவையகம் ஒன்றுக்கு இரவில் அனுப்பும். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் நான். ஐப்பசி மழை நாளொன்றில், கட்டளை இட்ட பிறகு இரண்டு நிமிடங்களுக்கும் மேலாகத் திரை அசையாமல் நின்று, அதன் பின்னரே இணைப்புக் கிடைத்தது. விவரம் காட்டும் 'ஹைஃபன் வி' குறியைச் சேர்த்து மீண்டும் ஓட்டினேன். 'கனெக்டிங் டு' என்று தொடங்கும் வரியில், சதுர அடைப்புக்குள், முக்காற்புள்ளிகளால் கோத்த நீண்ட ஐபிவி6 முகவரி ஒன்று, அதாவது புதிய வகை இணைய முகவரி, நின்றது. வெகுநேரம் கழித்து அடுத்த வரியில் பழைய வகையான ஐபிவி4 முகவரி வந்தவுடன் வேலை நடந்தது.

ஒரே பெயருக்கு இரண்டு வகை முகவரிகளும் இருக்கும்போது எதை முதலில் முயல்வது என்பதற்கு லினக்ஸ் ஒரு முன்னுரிமைப் பட்டியல் வைத்திருக்கிறது. 2003-இல் வந்த ஆர்எஃப்சி 3484 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தைப் பின்பற்றிய அப்பட்டியலில் பொதுவான ஐபிவி6 முகவரிகளுக்கு 40, ஐபிவி4-க்கு 10. பெரிய எண்ணுக்கே முதல் முறை. கணினிக்கு ஐபிவி6 முகவரியே இல்லையென்றால் இச்சிக்கல் எழாது. தலைப்பில் தண்ணீர் வந்தும் கடைமடைக்கு எட்டாத வாய்க்காலைப் போல, முகவரி கிடைத்தும் அப்பால் பாதை அடைபட்டிருக்கும் வீடுகளிலும் கடைகளிலும்தான் இந்தக் காத்திருப்பு நேர்கிறது. பலர் உடனே ஐபிவி6-ஐ முழுவதுமாக அணைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம், வரிசையை மாற்றினாலே போதும்.

முதலில் இப்போதைய வரிசையைப் பாருங்கள். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் 'கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சேவையகத்தின் பெயரைக் கொடுங்கள். ஒவ்வொரு முகவரியும் மும்மூன்று வரிகளாக வரும். மேலே இருப்பதுதான் முதலில் முயலப்படும்.

அடுத்து, 'இ-டி-சி' அடைவில் 'ஜி-ஏ-ஐ' என்ற மூன்றெழுத்துடன், புள்ளி வைத்து 'சி-ஓ-என்-எஃப்' என முடியும் கோப்பு இருக்கிறது. அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, 'சூடோ நானோ' கொண்டு, அதாவது நிர்வாகி உரிமையுடன் நானோ என்ற உரைத் திருத்தியில், திறக்கவும். உபுண்டுவிலும் டெபியன் என்ற லினக்ஸ் வகையிலும் அதில் உள்ள வரிகள் பெரும்பாலும் ஹேஷ் (#) குறியுடன் தொடங்கும். அவை வெறும் குறிப்புகள், கணினி அவற்றைப் பொருட்படுத்தாது. 'பிரிசிடென்ஸ்' என்று தொடங்கி, நடுவில் நான்கு 'எஃப்'களும் 96-உம் கொண்ட வரிகள் இரண்டு உண்டு. ஒன்று 10 என்றும் மற்றொன்று 100 என்றும் முடியும். அந்த நான்கு 'எஃப்'கள், ஐபிவி4 முகவரியை ஐபிவி6 வடிவில் எழுதும்போது முன்னால் வருபவை. ஆகவே அவ்வரி ஐபிவி4 அனைத்தையும் குறிக்கிறது. 100 என்று முடியும் வரியின் ஹேஷ் குறியை மட்டும் நீக்குங்கள், வேறெதையும் தொட வேண்டாம். கண்ட்ரோலுடன் ஓ, பிறகு என்டர், பிறகு கண்ட்ரோலுடன் எக்ஸ்: கோப்பு சேமிக்கப்பட்டு மூடிக்கொள்ளும்.

மீண்டும் 'கெட்என்ட்' கட்டளையை ஓட்டினால் புள்ளிகளால் பிரிந்த ஐபிவி4 முகவரி மேலே ஏறியிருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் இக்கோப்பை மறுபடி படிப்பதில்லை என்பதால், அவற்றை மூடித் திறப்பது அவசியம். உலாவிகள் தங்களுக்கென்று தனி முறை வைத்திருப்பதால் அவற்றில் மாற்றம் தெரியாமல் போகலாம். ஆல்பைன் என்ற லினக்ஸ் வகை இக்கோப்பைப் படிப்பதே இல்லை.

இது பாதை சரியாகும் வரைக்கான ஏற்பாடு. அவ்வப்போது எஸ்எஸ்ஹெச் கட்டளையில் 'ஹைஃபன் 6' சேர்த்துப் பாருங்கள். தயக்கமின்றி இணைந்தால், அந்த ஹேஷ் குறியைப் பழைய இடத்திலேயே இட்டுவிடலாம். அச்சகத்தில் நான் அதை மூன்று வாரங்களில் திரும்ப இட்டேன்.