இடைக்கால ஆங்கிலக் கிராமத்தின் எல்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவடை முடிந்து வயலை உழுததும் இங்கிலாந்தின் உள்ளூர் வரலாற்றுக் குழுக்கள் பானை ஓடு பொறுக்கக் கிளம்பிவிடும். இடைக்காலத்தில் தங்கள் ஊர் எதுவரை இருந்தது என்று பார்க்கும் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் ஒவ்வொரு புதுக் குழுவும் பழைய தவறுகளையே செய்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஓடு கிடந்த இடமெல்லாம் வீடு இல்லை

காசையும் உழைப்பையும் தின்னும் தவறு இதுதான். அன்றைய குடியானவர் வீட்டில் உடைந்த பானை குப்பைமேட்டுக்குப் போகும். சாணம், வைக்கோலோடு மட்கியதும் வண்டியேறி எருவாக வயலுக்குப் போகும். அதனால் ஊரைத் தாண்டியும் 12, 13ஆம் நூற்றாண்டு ஓடுகள் சிதறிக் கிடக்கும்.

மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு குழு, கிடைத்த ஓடு ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் புள்ளி வைத்தது. வெளிப்புள்ளிகளை இணைத்து, இதுதான் ஊர் எல்லை என்றது. அந்தப் பருவத்துப் பணம் முழுவதும் அந்தக் கோட்டோரச் சோதனைக்குழிகளுக்கே போனது. உழவு மண்ணுக்குக் கீழே வெறும் களிமண். சுவர் அடித்தளம் இல்லை, அடுப்பு இல்லை, ஒரு குப்பைக்குழிகூட இல்லை. ஓடுகளைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்திருந்தாலே போதும். அத்தனையும் நகத்தளவு, விளிம்பு மழுங்கியவை. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

எருவோடு போன ஓடு சிறிதாக, தேய்ந்து, பரவலாகக் கிடக்கும். வீட்டருகே கிடப்பது பெரிதாக, கூரிய விளிம்போடு, நெருக்கமாக இருக்கும். எலும்பும் கல்லும் கூடவே வரும். எண்ணினால் மட்டும் போதாது, எடை போடுங்கள். வீட்டுமனையையே நெடுநாள் உழுதிருந்தால் அங்கும் ஓடு தேயும். அப்போது நெருக்கத்தைப் பாருங்கள்.

உழவு மேடுகளைப் பார்க்காமல் விடுவது

நீளமான மாட்டு ஏர் திரும்ப இடம் வேண்டும் என்பதால் இடைக்கால உழவு மேடுகள் இடவலம் மாறிய எஸ் எழுத்துப் போல வளையும். பழைய மேய்ச்சல் நிலத்தில் அவை இன்னும் தெரியும்; விமானத்திலிருந்து லேசர் ஒளியால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளக்கும் லைடார் படத்தில் பளிச்சென்று தெரியும். அவை முடியும் இடம் பெரும்பாலும் வீட்டுக் கொல்லையின் பின்எல்லை. கொல்லை வரப்பே அப்படி வளைந்திருக்கிறதா? சரி, அங்கே ஊர் பழைய வயல்மேல் வளர்ந்திருக்கக்கூடும்.

எல்லா நூற்றாண்டுக்கும் ஒரே கோடு

யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட கிராமத்தில் வரலாற்றாளர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை அகழ்ந்தார்கள். 1349 கொள்ளைநோய் அந்த ஊரை ஒரேயடியாகக் காலி செய்யவில்லை. 1500 வாக்கில் ஆட்டு மேய்ச்சலுக்காகத்தான் கடைசிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1300இன் ஊரும் 1450இன் ஊரும் ஒரே அளவாக இருக்குமா? கோட்டின் பக்கத்தில் நூற்றாண்டையும் எழுதுங்கள்.

டூம்ஸ்டேயில் எல்லை தேடுவது

டூம்ஸ்டே என்பது 1086இல் இங்கிலாந்து அரசர் எடுத்த கணக்கேடு. வரி, ஏர், நிலக் கணக்கு அதில் உண்டு, தெரு இல்லை.

அனுமதி

சட்டப் பாதுகாப்புள்ள தொல்லியல் இடத்தில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். மெட்டல் டிடெக்டரும் கூடாது.