பதின்ம வயதுப் பிள்ளை குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் வீட்டார் செய்ய வேண்டியவை

இலங்கையின் கிழக்கே நிலாவெளிக் கடற்கரையிலிருந்து இரவில் திரும்பும் ஸ்கூட்டியைப் பொலிஸார் மறித்து, ஓட்டி வந்த 17 வயதுப் பையனிடம் பலூனை நீட்டுகிறார்கள் என்று வையுங்கள். பலூனோடு பொருத்திய கண்ணாடிக் குழாய்க்குள் மஞ்சள் துணிக்கைகள் இருக்கும். மூச்சில் மதுசாரம் இருந்தால் அவை பச்சையாக மாறும். பச்சை நிறம் குழாயில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டினால் அளவு மீறியிருக்கிறது என்று பொருள். சட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். அடுத்த கட்டம் அரச வைத்தியரின் பரிசோதனை. ஊத மாட்டேன் என்று அடம்பிடிப்பதால் தப்ப முடியாது, அந்த மறுப்பே வழக்கில் அவனுக்கு எதிராக நிற்கும்.

தபாலகத்தில் காசு கட்டி முடிக்கிற ஸ்தலத் தண்டம் இதற்குக் கிடையாது. நீதவான் முன் போயே ஆகவேண்டும். விபத்து இல்லாவிட்டாலும் தண்டம் 25,000 முதல் 30,000 ரூபா வரை, சிறை 3 மாதம் வரை. சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் 12 மாதம் வரை இடைநிறுத்தலாம். ஆளொருவர் இறந்துவிட்டால் 10 ஆண்டு வரை சிறை.

பலர் கவனிக்காமல் விடுவது இரண்டாவது குற்றச்சாட்டு. 18 வயதுக்கு முன் சாரதி அனுமதிப்பத்திரமே எடுக்க முடியாது. ஆகவே 17 வயதுப் பிள்ளைமேல் அனுமதிப்பத்திரமின்றி ஓட்டிய குற்றமும் சேரும், அதற்கும் தண்டம் 25,000 ரூபாவில்தான் தொடங்குகிறது. சாவியைக் கொடுத்த அப்பாவோ மாமாவோ அனுமதிப்பத்திரம் இல்லாதவரை ஓட்ட விட்டதற்காகத் தனியாகக் குற்றஞ்சாட்டப்படலாம். காப்புறுதியையும் நம்பியிருக்காதீர்கள். குடிபோதையில் ஓட்டியதால் சொந்த வண்டிக்கு வந்த சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனம் பொதுவாகப் பணம் தராது.

தகவல் கிடைத்ததும் பெற்றோர் ஒருவர் உடனே நிலையத்துக்குப் போகவேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். 18க்குக் குறைந்தவர் என்பது முதல் பதிவிலேயே ஏறவேண்டும். நிலையத்திலுள்ள சிறுவர், பெண்கள் பணியக உத்தியோகத்தரைக் கேளுங்கள். பெரிய கைதிகளோடு ஒரே கூண்டில் வைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். பிணையில் விடாவிட்டால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். பிணை நிற்பவர் தன் அடையாள அட்டையோடு கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழும் வைத்திருந்தால் அலைச்சல் குறையும்.

வாக்குமூலத்தில் மட்டும் அவசரப்படவே கூடாது. கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, நீதிமன்ற மொழியும்கூட. சிங்களத்தில் எழுதியிருந்தால், தமிழில் வாசித்து விளக்கிய பிறகே பிள்ளை கையெழுத்து வைக்கட்டும். எத்தனை மணிக்கு மறித்தார்கள், எங்கே, யாருடைய வண்டி, பின்னால் யார் இருந்தது என்பவற்றை வரிக்கு வரி சரிபாருங்கள். பிழையிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கையெழுத்து வைத்த பிறகு நீதிமன்றில் அதை மறுப்பது மிகக் கடினம்.

வழக்கு இரட்டிப்பாவது பெரும்பாலும் வீட்டார் பதற்றத்தில் செய்யும் இரண்டு காரியங்களால்தான். ஒன்று, அனுமதிப்பத்திரம் உள்ள அண்ணா "நான்தான் ஓட்டினேன்" என்று முன்வருவது. பொய்த் தகவல் கொடுத்ததற்கு அவர்மேலும் வழக்கு வரும். மற்றது, உத்தியோகத்தரின் கைக்குள் பணத்தைத் திணிப்பது. அது இலஞ்சக் குற்றம், மது வழக்கைவிடப் பாரதூரமானது.

நீதிமன்றில் 18க்குக் குறைந்தவருக்கு நன்னடத்தை உத்தியோகத்தர் அறிக்கை தயாரிப்பார். அவர் வீட்டுக்கு வருவார், பாடசாலை பற்றியும் நண்பர்கள் பற்றியும் கேட்பார். மறைக்காமல் சொல்லுங்கள். பாடசாலை வரவு, ஆலோசனைக்குப் போகத் தொடங்கியதற்கான கடிதம் போன்றவற்றை அவரிடம் கொடுத்தால், சிறைக்குப் பதில் நன்னடத்தைக் கண்காணிப்பைப் பரிந்துரைக்க அவருக்கு ஆதாரம் இருக்கும். 18, 19 வயதுக்காரரோ பெரியவர்களாகவே விசாரிக்கப்படுவர். இத்தனைக்கும் 21க்குக் குறைந்தவருக்கு மது விற்பதே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் வருமான விபரத்தோடு போகலாம். தவணைத் திகதியை மறந்துவிடாதீர்கள். ஒருநாள் போகாவிட்டால் பிடியாணை வரும். பின்னர் வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் அறிக்கை எடுக்கும்போது குற்றத் தீர்ப்பு அதில் தெரியக்கூடும் என்பதால், "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லுமுன் சட்டத்தரணியிடம் ஒருமுறை கேளுங்கள்.